வளைவுக்கு நான் சொன்ன உயரம்

எங்கள் ஊருக்கு நகராண்மைக் கழகத் தலைவராக வருகிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள்தான். இரண்டு வருடமோ மூன்று வருடமோ இருப்பார்கள். ஒருநாள் மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார்கள். நாம் ஓட்டுப் போட்டு வந்தவர்கள் இல்லை. ஆகவே நம்மிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டிய அவசியமும் இல்லை.

போகும்போது ஆளுக்கொரு அடையாளத்தை மட்டும் விட்டுப் போவார்கள். ஒருவர் மணிக்கூண்டு கட்டினார்; அது நான்கு பக்கமும் நான்கு நேரம் காட்டும். இன்னொருவர் பேருந்து நிலையத்தைத் தூக்கி ஊருக்கு வெளியே செம்பனைத் தோட்டத்துக்கு நடுவில் வைத்தார்; அங்கே போய்ச் சேர இன்னொரு பேருந்து வேண்டும். அடுத்து வந்தவர் நடைபாதை முழுக்கப் பூந்தொட்டி வைத்தார்; பூக்கள் நடைபாதையில் இருந்தன, நாங்கள் சாலையில் நடந்தோம். சாக்கடையை மட்டும் ஒருவரும் தொடவில்லை. அரை மணி நேரம் மழை பெய்தால் போதும், பசாரில் மீன் பெட்டிகள் தாமாகவே இடம் மாறும்.

இதையெல்லாம் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். நான் லாபிஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தேன். மூட்டை தூக்க லோரியில் ஏறியவன், ஓட்டுநர் ஆனேன், பிறகு எட்டு லோரிகளுக்கு முதலாளி ஆனேன். இந்த ஊரில் எந்தக் கட்டடத்தையும் காட்டுங்கள், அதற்கு மணலும் கல்லும் இறக்கியது யார் என்று சொல்வேன். பாதிக்கு மேல் நான்தான். நகராண்மைக் கழகக் கட்டடத்துக்கும் நான்தான். அதனால் அங்கே போனால் உட்காருங்கள் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நானே உட்கார்ந்துகொள்வேன்.

இப்போது சொல்லப்போவது வளைவு கட்டிய தலைவரைப் பற்றி.

இளவயதுக்காரர், மலாய்க்காரர், நல்ல மரியாதை தெரிந்தவர். ஊருக்கு ஒரு வரவேற்பு வளைவு வேண்டும் என்று அவருக்கு ஆசை. ஊர் எல்லையில் வைக்கலாம் என்றால் அங்கே சாலை வேறு இலாகாவுக்குச் சொந்தம். கழகத்துக்குச் சொந்தமான சாலை கடைத்தெருவில்தான் ஆரம்பமாகிறது. எனவே வளைவும் கடைத்தெருவுக்கு வந்தது. ஊருக்குள் பாதி தூரம் வந்த பிறகு வாருங்கள் என்று வரவேற்கும் வளைவு வேறெங்கும் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். அதோடு, பெரிய லோரிகள் கடைத்தெருவுக்குள் நுழையாதபடி அதைத் தாழ்வாகக் கட்டப்போவதாகவும் சொன்னார்கள்.

அதற்குத்தான் குடியிருப்பாளர்களை அழைத்து ஒரு கூட்டம் போட்டார்கள். சாப்பிடக் கொடுத்த மீகூனும் கறிபாப்பும் நன்றாக இருந்தன. எங்கள் மாரியம்மன் கோயில் சார்பில் நானும் கோயில் செயலாளரும் போனோம். செயலாளர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். எதையும் தாளில் எழுதினால்தான் அவருக்கு அது நடந்த மாதிரி இருக்கும்.

தலைவர் எங்களைப் பார்த்துக் கேட்டார். பேச்சு மலாயில்தான், எனக்கு அது தமிழ் மாதிரியே வரும்.

"அங்கிள், உங்க கோயில் ரதம் இந்த வழியாத்தானே போகும்? எவ்வளவு உயரம்?"

செயலாளர் என் காதில், "அண்ணே, அளந்து ஒரு வரைபடம் போட்டு, கடிதமா கொடுத்துடலாம். ஒரு வாரம் டைம் கேளுங்க" என்றார்.

"எதுக்கு வாத்தியாரே? அந்த ரதத்தோட அடிச்சட்டமே என்னோட மொத லோரிதான். அதோட உயரம் எனக்குத் தெரியாதா?"

உண்மை அதுதான். என் முதல் லோரி ஓடி முடிந்ததும் அதன் சட்டத்தையும் சக்கரங்களையும் கோயிலுக்குக் கொடுத்தேன். அதன் மேல்தான் ரதம் கட்டினார்கள். இருந்தாலும் நான் வாய்க்கு வந்ததைச் சொல்கிற ஆள் இல்லை. அன்று காலையே ரதக் கொட்டகைக்குப் போய் இரும்பு நாடாவை வைத்து அளந்துவிட்டுத்தான் வந்திருந்தேன். எழுந்து நின்று, "பதினாலடி ஒன்பது இஞ்சி. ஒரு மயிரிழை கூடாது, குறையாது" என்றேன்.

தலைவர் சிரித்து, "அப்போ பதினஞ்சரை வச்சிடுறேன் அங்கிள், தாராளமா போகலாம்" என்றார். குமாஸ்தா என் பெயரோடு அந்த உயரத்தைக் கூட்டக் குறிப்பில் ஏற்றினார். அரசாங்கத் தாளில் என் வார்த்தை ஏறியது அதுதான் முதல் தடவை. அன்று கறிபாப் இன்னும் இரண்டு சாப்பிட்டேன்.

வளைவு எழுந்தது. சொன்னபடி பதினைந்தரை அடி. அதுவரைக்கும் பழுதில்லை. திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, வளைவுக்கு நேர் கீழே செங்கல் பதித்து ஒரு மேடு போட்டார்கள். வண்டிகள் வேகம் குறைக்கவாம். நான் காலையில் கோப்பி குடிக்கப் போனவன், மேட்டில் கால் வைத்ததுமே கணக்குப் போட்டுவிட்டேன்: நான்கு அங்குலம். வளைவுக்கு ஒரு பிரிவு, சாலைக்கு ஒரு பிரிவு. இரண்டும் ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த அறை. ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை.

சும்மா விடுவேனா? கோப்பிக்கடையில் ஆரம்பித்தேன், பசாரில் தொடர்ந்தேன், முடிவெட்டுகிற கடையில் முடித்தேன். இரண்டே நாளில் ஊர் முழுக்க ஒரே பேச்சு: கழகம் நம்ம ரதத்தை மறிக்கப் பார்க்கிறது. மூன்றாம் நாள் செயலாளரையும் இழுத்துக்கொண்டு தலைவரின் அறைக்குப் போனேன்.

அவர் பொறுமையாகக் கூட்டக் குறிப்பை எடுத்துப் படித்தார். "அங்கிள், உங்க ரதம் பதினாலடி ஒன்பது. மேடு போட்ட பிறகும் பதினஞ்சடி ரெண்டு இஞ்சி இருக்கு. இன்னும் அஞ்சு இஞ்சி மிச்சம். அப்புறம் நான் எதுக்கு மேட்ட உடைக்கணும்?"

நியாயமான கேள்விதான். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது செயலாளர் மெதுவாகத் தமிழில் கேட்டார்: "அண்ணே, கலசம்?"

கலசம்!

எங்கள் கோயிலில் ரதத்தின் உச்சிக் கலசம் வருடம் முழுக்கக் குருக்களின் அலமாரியில், மஞ்சள் துணியில் சுற்றி இருக்கும். திருவிழா அன்று காலையில் பூசை செய்து ஏற்றுவார்கள். நான் அளந்தது மொட்டை ரதத்தை. கலசம் பத்து அங்குலம். பதினைந்தடி ஏழு. மேடே போடாமல் இருந்தாலும் வளைவு ஓர் அங்குலம் இடிக்கும்.

"வேற வேலை இருக்கு, பிறகு வர்றேன்" என்று தலைவரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். கார் நிறுத்துமிடத்தில் செயலாளர் என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன்.

வழியை மாற்றலாமே என்று நினைக்கலாம். கடைத்தெருவுக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடி வீடுகள். பக்கத்து ரப்பர் தோட்டம் விற்றுப்போனபோது எங்கள் சனங்களில் பாதிப் பேர் அங்கேதான் குடியேறினார்கள். வேறு வழி என்றால் நெடுஞ்சாலைதான்; அதில் ரதம் ஓட்டப் போலிஸ் அனுமதி தராது. வளைவுக்கு முன்னால் கலசத்தை இறக்கிக்கொள்ளலாமே என்று குருக்களிடம் கேட்டேன். "அம்மாள் உக்காந்தப்புறம் கலசத்துல கை வைக்கறதா? நீங்க வேணா வைங்கோ" என்றார். நான் வைப்பேனா?

அந்த அடுக்குமாடியில் மூன்றாவது மாடியில்தான் என் அக்கா இருக்கிறார். தையல்காரி. இரண்டு முழங்காலிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். மின்தூக்கி போன திருவிழாவுக்கு முன்பே நின்றது, இன்னும் ஓடவில்லை. அக்கா கீழே இறங்குவதை விட்டுவிட்டார். போன வருடம் ரதம் வந்தபோது அர்ச்சனைத் தட்டை ஒரு வாளியில் வைத்து, கயிறு கட்டி, மாடியிலிருந்து இறக்கினார். அர்ச்சனை முடிந்து தட்டு வாளியிலேயே மேலே போனது. ரதம் வராவிட்டால் அக்காவுக்கு அந்த வருடம் திருவிழா இல்லை.

படியேறிப் போய் விஷயத்தைச் சொன்னேன். அக்கா தையல் இயந்திரத்தை நிறுத்தவே இல்லை.

"அளந்தது யாரு?"

"நான்தான்."

"அதானே. சின்ன வயசுல தீபாவளிச் சட்டைக்கு அளவெடுக்கறப்ப மூச்ச இழுத்துப் பிடிச்சிக்கிட்டு நின்னியே, ஞாபகம் இருக்கா? தச்சி முடிச்சா பட்டன் பூட்ட முடியல. ஊர் பூரா அக்காவுக்குத் தைக்கத் தெரியலன்னு சொல்லிட்டு வந்த. இப்ப கழகத்துக்குக் கட்டத் தெரியலங்கற."

"அவங்க மேடு போட்டது தப்பில்லையா?"

"தப்புதான். அவங்க நாலு இஞ்சி, நீ பத்து இஞ்சி. யாரு பெரிய ஆளு?"

"எப்பவும் நான்தான் பெரிய ஆளு" என்றேன். அக்கா சிரித்தார். பிறகு இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "போய்ச் சொல்லிடுடா. வாளியெல்லாம் கழுவி வச்சிட்டேன்" என்றார்.

சொல்லாமல் இருந்தால் பழி முழுக்கக் கழகத்தின் மேல்தான் விழும். எனக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கூட்டக் குறிப்பில் நான் சொன்ன உயரம் நிற்கும்வரை அந்த மேடும் நிற்கும். மேட்டை உடைக்க ஒரே வழி, என் உயரம் தப்பு என்று நானே சொல்வது. லோரித் தொழிலில் நாற்பது வருடம் இருந்தவன், "நான் அளந்தது தப்பு" என்று ஒருநாளும் யாரிடமும் சொன்னதில்லை. தலைவரின் அறைக்கு வெளியே முதல் தடவையாக வரிசையில் உட்கார்ந்தேன்.

"துவான், என் அளவுல பத்து இஞ்சி குறைவு. உங்க ரோட்டுல நாலு இஞ்சி அதிகம்" என்று, ஐயாவுக்கு மலாய்ச் சொல்லான துவானிலேயே ஆரம்பித்துக் கலசத்தின் கதையைச் சொன்னேன். "நீங்க அந்த நால எடுங்க. மிச்சம் ஒரு இஞ்சிதான் இடிக்கும். அத நான் பாத்துக்கறேன்."

அவர் சிரிக்கவில்லை. "அங்கிள், நான் இங்க வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. தப்பு என்னோடதுன்னு இந்த ரூமுக்குள்ள வந்து சொன்ன மொத ஆளு நீங்கதான்" என்றார். "அடுத்த மாசம் எனக்கு மாற்றல். அதுக்குள்ள மேட்ட எடுத்துடுறேன். ஆனா அந்த ஒரு இஞ்சிய எப்படிப் பாத்துப்பீங்க?"

"அது லோரிக்காரன் வேல துவான், வந்து பாருங்க."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். இரண்டே நாளில் மேடு போனது. ஊரில் எல்லாரும் என் முதுகில் தட்டினார்கள், நான் போட்ட சத்தத்தில் கழகம் பயந்துவிட்டதாம். எல்லாரையும் கூப்பிட்டுத் திருத்த எனக்கு நேரமில்லை. முடிவெட்டுகிறவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவரிடம் சொன்னால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.

திருவிழா அன்று மாலை, வெயில் இருக்கும்போதே ரதம் கடைத்தெருவுக்கு வந்தது. வளைவுக்கு முன்னால், ரதத்தை இழுத்து வந்த டிராக்டரை நிறுத்தச் சொன்னேன். ஒரு காலத்தில் லாயாங் லாயாங் பக்கம் ஒரு ரயில் பாலத்துக்கு அடியில் மரம் ஏற்றிய லோரியோடு மாட்டிக்கொண்டவன் நான். அன்று கற்றதுதான். வேட்டியை மடித்துக் கட்டி, ஆறு டயரிலும் தீக்குச்சியால் வால்வை அழுத்தி நானே காற்றை இறக்கினேன். பிறகு நிர்வாகக் குழுவில் நன்றாகச் சாப்பிடுகிற நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து ரதத்தில் ஏற்றினேன். அவர்களில் ஒருவர் முனகினார்.

"ஏண்ணே, அம்மனுக்குக் காவலா நாங்க?"

"காவலுக்கு இல்ல, பாரத்துக்கு. மூச்ச விட்டுட்டு உக்காருங்க."

டிராக்டர் ஊர்ந்தது. மேளம்கூட நின்றுவிட்டது. செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். நாற்காலி மேல் ஏறி நின்று பார்த்த சீனக் கடைக்காரர் ஒருவர், "போலே, போலே! போகும், போகும்!" என்று கத்தினார். கலசத்துக்கும் வளைவுக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும். என் விரல் இல்லை. என் விரல் தடிமன். கலசம் அந்தப் பக்கம் போய் வெயிலில் மின்னியது. நான் டயருக்குக் காற்றடிக்கப் போனேன்.

கூட்டத்தில் நின்ற தலைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அடுக்குமாடிவரை எங்களோடு நடந்தே வந்தார். மூன்றாவது மாடியிலிருந்து வாளி ஆடி ஆடி இறங்கியதைப் பார்த்து, "ஏன் அங்கிள், வாளியில?" என்று கேட்டார்.

"லிஃப்ட் ஓடல துவான். ஒரு வருஷத்துக்கு மேல."

"இது கழகத்துக்குக் கீழ வராது…" என்று தொடங்கியவர், மேலே நின்ற அக்காவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

நான் வாளியைப் பிடித்தேன். தேங்காய், வெற்றிலை, பூ, ஊதுபத்தி. பக்கத்தில் சுருட்டி வைத்த மஞ்சள் தையல் நாடா.

மேலிருந்து அக்கா கத்தினார்: "அடுத்த வருஷம் அதுல அளடா! கலசத்தோட!"

அடுத்த மாதம் தலைவர் மாற்றலாகிப் போனார். போகும் முன் எனக்குப் போன் செய்து சொல்லிவிட்டுத்தான் போனார். புதியவர் வந்த வாரமே நானும் செயலாளரும் போனோம். இம்முறை கையில் கடிதம், வரைபடம், கோயில் முத்திரை எல்லாம் இருந்தன. முதல் பத்தி ரதம்: கலசத்தோடு பதினைந்தடி ஏழு, அக்காவின் நாடாவை அடுத்தடுத்துப் பிடித்து மூன்று தடவை அளந்தது. இரண்டாம் பத்தி சாக்கடை. மூன்றாம் பத்தி மின்தூக்கி.

புதியவர் மூன்றையும் படித்தார். மின்தூக்கி வேறு இலாகாவின் பொறுப்பு என்று சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து, "மூணாவது மாடிக்கு எத்தனை படி ஏறணும்?" என்று கேட்டார்.

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. செயலாளர் தொண்டையைக் கனைத்தார்.

"எண்ணிட்டு வந்து சொல்றேன் துவான்" என்றேன்.