சரிபார்த்தவர்: தங்கராஜ்

நூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் ஒருவர் போட்ட மெட்டு அவர் போட்டதுதானா என்று திருவனந்தபுரம் பக்கத்தில் கழக்கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்துச் சொல்கிற தொழில் எனக்கு. ராக்டைம், ஆரம்பகால ஜாஸ் என்று பெட்டி பெட்டியாகப் பழைய இசைத்தட்டுகள் அங்கே ஏதேதோ நூலகங்களில் கிடக்கின்றன. அவற்றின் படமும் ஒலியும் இங்கே வரும். தலைப்பு சரியா, இசையமைத்தவர் பெயர் சரியா என்று பார்த்துக் கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டவர்கள் யாராவது இதைப் படித்தால், நீங்களும் நானும் ஒரே ஜாதி.

வீட்டுக்காரர்

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். எனக்கு என்ன வேலை என்று ஒருநாள் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார். முடிந்தவரை விளக்கினேன். மெட்டுப் போட்டவர் இருக்கிறாரா என்றார். இல்லை. வாசித்தவர்கள்? அவர்களும் போய்விட்டார்கள். தட்டு விற்ற கம்பெனி? அதையும் மூடிவிட்டார்கள். டிக்கெட் இல்லாத பயணியைப் பார்க்கிற மாதிரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"செத்த ஆளு வந்து பராதி சொல்லப் போறதில்லையே. பின்னே எதுக்காக்கும் இந்தப் பாடு?"

தலைப்பு

அச்சில் என்ன இருக்கிறதோ அதை ஓர் எழுத்தும் மாறாமல் அடிக்க வேண்டும் என்பது விதி. கேட்க எளிது. அந்தக் காலத்துத் தலைப்புகள் பலவற்றில் கறுப்பின மக்களை வாய்கூசாமல் ஏசியிருப்பார்கள். அதைவிடக் கொடுமை, மெட்டைப் போட்டவரே ஒரு கறுப்பினத்தவராக இருப்பார். அவருடைய பெயரை விட்டுவிட்டு, அவரை ஏசுகிற சொல்லைப் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எதிர் மேசைப் பெண் அஞ்சு முதன்முதலில் அப்படி ஒரு தட்டைப் பார்த்தபோது விசைப்பலகையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள். விதி விதிதான், அடித்துத்தான் ஆக வேண்டும் என்றேன். அடித்துவிட்டு எழுந்தாள்.

"நான் போயி கை கழுவிட்டு வரேன் சேட்டா."

மூன்று பேர்

என் பக்கத்து நாற்காலி செல்வினுடையது. பாலராமபுரத்தில் வீடு, ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் கீபோர்டு வாசிப்பான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். காது மட்டும் அப்படி ஒரு காது. ஒரு மெட்டை இரண்டு தடவை கேட்டால் போதும், போன மாசம் வேறு தலைப்பில் வந்த தட்டும் இதுவும் ஒன்று என்று சொல்லிவிடுவான்.

ஒருநாள் வந்த தட்டில் இசையமைப்பாளர் என்று மூன்று பேர் இருந்தார்கள். தோண்டிப் பார்த்தால், மெட்டுப் போட்டவர் ஒரு ஏழைப் பியானோக்காரர். இரண்டாவது பெயர் அதை வாசித்த பேண்டின் தலைவர். மூன்றாவது பெயர் மெட்டின் இசைக்குறிப்பை நோட்டாக அச்சடித்து விற்றவர். அந்தக் காலத்தில் இது சகஜம். ஆனாலும் எனக்கு ஆத்திரம் வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு இந்த ஆள் தன் பெயரைப் போட்டுக்கொண்டான் என்று சத்தம் போட்டேன். செல்வின் சிரித்தான்.

"சோறு பொங்கினது ஒருத்தன், எல போட்டது ஒருத்தன். மூணாவது ஆளு சும்மா பந்தியில இருந்திருப்பாரு அண்ணே. யாரோ கைதட்டியிருப்பாவ, அவரும் வாய மூடிட்டு இருந்திருப்பாரு."

ஒன்பது நாள்

பெயரை மாற்ற இரண்டு சான்று வேண்டும், இரண்டும் எழுத்தில் இருக்க வேண்டும். யாருடைய ஞாபகமும் இங்கே செல்லாது. கிடைக்காவிட்டால் 'தெரியவில்லை' என்று போட்டுவிட்டு அடுத்த தட்டுக்குப் போக வேண்டியதுதான்.

ஒரு ராக்டைம் மெட்டில் செல்வின் அப்படிப் போக மாட்டேன் என்று நின்றுவிட்டான். லேபிளில் இசையமைப்பாளர் இடம் காலி. ஆனால் தட்டின் உள்விளிம்பில் ஊசியால் கீறினாற்போல ஓர் எண் இருக்கும், ஓர் ஒலிப்பதிவுக்கு ஒரே எண். லேபிள் பொய் சொன்னாலும் அது சொல்லாது. அதே எண்ணை இன்னொரு கம்பெனித் தட்டில், வேறு தலைப்பின் கீழே பிடித்தான். அந்தத் தலைப்பை வைத்துக்கொண்டு பழைய பதிப்புரிமைப் பதிவேடுகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்தான். முடிதிருத்தும் கடையில் வேலை பார்த்த ஒருவரின் பெயர் கிடைத்தது. பிறகு ஒரு சின்ன ஊர் நூலகத்தில் அச்சிட்ட நோட்டும் கிடைத்தது, அதன் அட்டையிலும் அதே பெயர். இவ்வளவுக்கும் ஒன்பது நாள். சாயங்காலம் எல்லாரும் கிளம்பிய பிறகும் உட்கார்ந்திருப்பான். எங்கள் டீம் லீட் ப்ரியா, ஒரு பெயருக்கு ஒன்பது திவசமா என்று தன் மலையாளத்தில் கேட்டேவிட்டார்.

"அந்த மனுசன் நூறு வருசமா காத்துக் கெடக்காரு மேடம். நமக்கு ஒம்பது நாளு பெருசா?"

ஆளில்லாத ஐடி

அடுத்த வாரம் மழையில், பைபாஸில், வேலைக்கு வந்துகொண்டிருந்த அவன் பைக்கில் ஒரு லாரி மோதியது. ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அவன் இல்லை. இதற்கு மேல் இதை எழுத எனக்கு வரவில்லை.

ஒரு மாசம் கழித்துக் கணினியைத் திறந்தால், நான் கண்ணால் பார்க்காத தட்டுகளெல்லாம் என் பட்டியலில் வந்து உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றின் கடைசிக் கட்டத்திலும் 'சரிபார்த்தவர்: தங்கராஜ்'. செல்வினின் ஐடியை மூடிவிட்டு, அவன் பார்த்ததையெல்லாம் பக்கத்து நாற்காலிக்காரன் என்று என் பெயருக்கு மாற்றியிருந்தார்கள். அந்த முடிதிருத்துபவரும் அதில் இருந்தார். சிஸ்டம் பிரிவுக்குப் போய்ச் சண்டை போட்டேன். அங்கிருந்த பெண் பாவம், அவள் என்ன செய்வாள்.

"ஆளில்லாத ஐடியில ரெக்கார்டு நிக்காது சேட்டா. ஆக்டிவா ஒரு ஆளு வேணுமல்லோ."

கேக்

ஆறு மாசம் கழித்து மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்தது. அந்த முடிதிருத்துபவரின் பேத்தி, வயதான அம்மா, எழுதியிருந்தார். தாத்தா மெட்டுப் போடுவார் என்று வீட்டில் சொல்வார்களாம், யாரும் நம்பியதில்லையாம். இப்போது நூலகத்தின் இணையப் பட்டியலில் அவர் பெயரைக் கண்ணால் பார்த்துவிட்டாராம். கடிதத்தின் தலையில், 'என் தாத்தாவைத் தேடிப் போன திரு. தங்கராஜ் அவர்களுக்கு' என்று இருந்தது.

ப்ரியா அதைச் சத்தமாக வாசித்தார். கேக் வாங்கி வைத்திருந்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். இது செல்வின் செய்தது என்று நான் அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் அஞ்சு என் வாயில் கேக்கை ஊட்டினாள், நான் தின்றேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தக் கைதட்டு நன்றாகத்தான் இருந்தது. பந்தியில் சும்மா இருந்த மூன்றாவது ஆள் யாரென்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

இரண்டு நாள் தூக்கமில்லை. பிறகு ப்ரியாவிடம் போய், பெயரை மாற்றச் சொன்னேன். எழுத்தில் சான்று என்ன இருக்கிறது என்று கேட்டார். ஐடியோடு சேர்ந்து பழைய தடமெல்லாம் அழிந்துபோயிருந்தது. அந்த ஒன்பது நாளையும் நீங்களே பார்த்தீர்களே மேடம் என்றேன். அவர் கண்ணும் கலங்கிவிட்டது.

"எனக்கும் தெரியும் சேட்டா. பக்ஷே, தெரியும்னு எழுதறதுக்கு ஃபார்ம்ல இடமில்லல்லோ."

பாலராமபுரம்

கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு செல்வினின் மனைவி ஜெபாவைப் பார்க்கப் போனேன். பாலராமபுரத்தில் ஒரு கைத்தறிக் கடையில் வேலை பார்க்கிறாள். வேட்டிகளை மடித்துக்கொண்டே கேட்டவள், ஒன்பது நாள் கதை வந்ததும் கையை நிறுத்திவிட்டாள். "அப்போ நெசமாவே ஆளத் தேடினாவளா?" என்றாள்.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. அந்த நாட்களில் தினமும் பிந்தி வந்திருக்கிறான். கேட்டால், 'ஒரு ஆளத் தேடுகேன்' என்று மட்டும் சொல்லியிருக்கிறான். யாரோ ஒரு பெண் என்று இவள் நினைத்துக்கொண்டாள். சண்டை. பேச்சு நின்றுவிட்டது. கடைசி நாள் காலையில் சோற்றுப் பாத்திரத்தைக்கூடக் கையில் கொடுக்காமல் மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவன் 'வாறேன்' என்று சொன்னது கேட்டதாம், இவள் பதில் சொல்லவில்லையாம்.

கடிதத்தை வாங்கினாள். தலையில் இருந்த பெயரில் அவள் விரல் நின்றது. இதில் உங்கள் பெயரல்லவா இருக்கிறது என்றாள். கேக் வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தேவலை. பில் போடுகிற பேனாவை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"ஒங்க பேர வெட்டிட்டு அவிய பேர எழுதித் தாங்கண்ணே. அன்னைக்கி அவிய சொன்னத நான் நம்பலேல்லா, இன்னைக்காவது நம்பிக்கிடுகேன்."

எங்கள் சிஸ்டத்தில் அந்தத் தட்டு இன்றைக்கும் என் பெயரில்தான் நிற்கிறது; சரியான பிரதி உலகத்தில் ஒன்றே ஒன்று, பாலராமபுரத்தில் ஜெபாவின் பைபிளுக்குள், எழுத்தில் ஒரு சான்றும் இல்லாமல் இருக்கிறது.