செவ்வாய்க்கிழமைக்குப் போன ஞாயிறு

கோவில்பட்டியிலிருந்து வந்த பிப்ரவரி மாதச் சுற்றறிக்கையில் 'ஞாயிறு ஆராதனைகள்' என்ற தலைப்பின் கீழ் இப்படி அச்சாகியிருந்தது: 'டவுன் ஆலயம், காலை 8.30. மருதம் நகர் ஆலயம், காலை 10.30; ஆங்கில ஆராதனை, மாலை 6.00. தீப்பெட்டிக் காலனி ஆலயம், செவ்வாய் மாலை 6.30.'

ஞாயிறு என்ற தலைப்புக்குள் செவ்வாய் எப்படி வந்தது என்று இரண்டு முறை படித்தேன். அச்சுப் பிழை இல்லை. அதை அனுப்பிய நண்பர் சாலமோன் ஓரத்தில் பேனாவால் எழுதியிருந்தார்: 'இந்த மாதம் இரண்டாம் ஞாயிறு மட்டும் ஐயர் மத்தியானம் இரண்டு மணிக்குக் காலனிக்கு வருகிறார். ஒரு ஞானஸ்நானம். எது எப்போது தொடங்கியது என்று கேட்டுக்கொண்டே திரிகிற ஆள்தானே நீர், வந்து பாரும்.'

மூன்று ஆலயங்களும் ஒரே சேகரம். மூன்றுக்கும் குரு ஒருவரே. அவரைத்தான் இந்தப் பக்கத்தில் ஐயர் என்பார்கள். சாலமோன் மணியாச்சி ஜங்ஷனில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காலனியில் வீடு கட்டிக் குடியிருக்கிறார்.

இரண்டாம் ஞாயிறு காலை திருநெல்வேலியில் ரயில் ஏறினேன். மணியாச்சி தாண்டியதும் ஜன்னலுக்கு வெளியே கரிசல் தொடங்கியது. மழை முடிந்து இரண்டு மாதமாகிவிட்டதால் மண் வாய் பிளக்க ஆரம்பித்திருந்தது. அறுத்த சோளத்தட்டை கட்டுக்கட்டாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். எதிர் இருக்கைக்காரர் விளாத்திகுளத்து மிளகாய் வியாபாரி. "இந்த வருசம் வத்தல் காயுதது நல்லா காயுது. விலைதான் காயல" என்று அவரே சொல்லி அவரே சிரித்துக்கொண்டார்.

ஒன்பதே முக்காலுக்குக் கோவில்பட்டி. நிலையத்தில் ஆட்டோக்காரர் ஒருவரிடம் இரண்டு இடத்துக்கும் விலை கேட்டேன். மருதம் நகர் மேற்கே நாலு கிலோமீட்டர், காலனி கிழக்கே நாலு கிலோமீட்டர்.

"மருதம் நகர்னா எம்பது. காலனின்னா நூத்தம்பது."

"ரெண்டும் ஒரே தூரம்தானே?"

"போற தூரம் ஒண்ணுதான் சார். அங்கன இருந்து திரும்ப எவன் ஏறுதான்? காலி வண்டிய நாந்தான ஓட்டிட்டு வரணும்?"

எண்பது ரூபாய்க்கு ஏறினேன். மருதம் நகர் ஆலயத்தில் இருபதாம் ஆண்டு விழாவுக்காக வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். வாசல் கல்வெட்டில் பிரதிஷ்டை நாளைக் குறித்துக்கொண்டேன். உள்ளே குளிர்சாதனம், பாடற்குழுவுக்கு ஒரே நிறத்தில் சேலை, பாட்டுவரிகளைக் காட்டும் இரண்டு திரைகள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பாட்டு நன்றாக இருந்தது. பிரசங்கமும் ஊன்றிச் செய்தது. டவுன் ஆலயத்தை முடித்துவிட்டு வந்திருந்த ஐயருக்கு நாற்பது வயதிருக்கும். அதற்குள் குரல் கம்மியிருந்தது. முடிவில் அவர் வாசித்த அறிவிப்புகளில் இரண்டு வீட்டு ஜெபம், ஒரு திருமண நாள் ஸ்தோத்திரம், ஒரு புதுவீட்டுப் பிரதிஷ்டை. நான்கும் அன்றைக்கே, நான்கும் மருதம் நகரிலேயே.

சாலமோன் ஸ்கூட்டரோடு வெளியே நின்றார். "நாலும் கேட்டீரா? இதுக்கு மேல ராத்திரி இங்கிலீஷ் ஆராதனை வேற. ஆர்கன் வாசிக்கவனையும் சேத்து பதினோரு பேரு. அந்த ஆர்கன்காரனுக்கு இங்கிலீஷ் தெரியாது."

ஒரு மணிக்குக் காலனி சேர்ந்தோம். கடைசி அரைக் கிலோமீட்டர் தார்ச்சாலையில் பாதி அகலத்துக்கு மிளகாய் காய்ந்தது; ஸ்கூட்டர் மட்டும் நெளிந்து போகலாம். காலனியில் பெரும்பாலும் தீப்பெட்டி ஆலைக்குப் போகும் குடும்பங்கள். ஆலயம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு நீளமான அறை. அதற்கு எதிரே ஓலைச்சார்ப்பில் ஒரு கறிக்கடை. பலகையில் 'ஞாயிறு, செவ்வாய்' என்று சுண்ணாம்பால் எழுதியிருந்தது.

செவ்வாயில் கறி போடும் கடையை இந்த வட்டாரத்தில் நான் கண்டதில்லை. அன்றைக்கு முருகனுக்கும் அம்மனுக்கும் என்று பல வீடுகளில் கறி எடுக்கமாட்டார்கள். கடைக்காரர் மாடசாமி ஆடு வளர்க்கும் குடும்பம். அவரும் செவ்வாய் விரதக்காரர். "நான் தொட்டுப் பாக்கமாட்டேன். வெட்டிக் குடுப்பேன், அவ்வளவுதான்" என்றார். "இவியளுக்கு ஐயர் வார நாள்தானே ஞாயித்துக்கெழமை? அன்னிக்குத்தான் தலைக்குக் குளிப்பாவ, நல்ல சேலை கட்டுவாவ, கறி எடுப்பாவ."

ஞானஸ்நான வீட்டில் சாப்பிட்டோம். பிள்ளையின் தாய் ஸ்டெல்லா ஆலையில் பெட்டி அடைக்கிறவள். தகப்பன் அருள்ராஜ் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. அவனுக்கு விடுமுறை ஞாயிறு மட்டும். பிள்ளைக்கு எட்டு மாதம் முடிந்துவிட்டது. செவ்வாயில் வைத்தால் தகப்பன் இல்லை. டவுன் ஆலயத்துக்குத் தூக்கி வந்தால் மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துக் கொடுக்கலாம் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். ஸ்டெல்லா மாட்டேன் என்றுவிட்டாள்.

"ஏன்?" என்று கேட்டேன்.

"எங்க கோயிலு எதுக்கு இருக்கு, வௌவாலுக்கா? நான் மூணாப்பு படிக்கையில ஞாயித்துக்கெழமை பத்தரைக்கு இங்கனதான் மணியடிக்கும் சார். அந்தப் பத்தரை எங்களது. மருதம் நகர்ல கோயிலு கட்டுனதும் அங்க போயிட்டு."

இரண்டு மணியாயிற்று. ஆலயம் நிரம்பியது. பாட ஆரம்பித்தார்கள். இரண்டரையானது. கீர்த்தனைகளின் சரணங்களை ஒன்றுவிடாமல் பாடினார்கள். முடிந்ததைத் திரும்பவும் எடுத்தார்கள். கூரைச் சூட்டில் பிள்ளை அழுது அழுது தூங்கிப்போனான். ஐயரின் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தோம், யாரும் எடுக்கவில்லை. அருள்ராஜ் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தான். ஐந்து மணி பஸ்ஸை விட்டால் காலை ஷிப்டு போய்விடும்.

"ஏட்டி, இந்த மாசமும் இல்லன்னு ஆயிரும் போலருக்கே" என்றான்.

"நீரு சும்மா உக்காரும். வராம எங்க போவாவ?" என்றாள் அவள். ஆனால் அவள் கண்ணும் சாலையில்தான் இருந்தது.

சாலமோன் எழுந்தார். "வாரும், போய்க் கூட்டிட்டு வருவோம்."

மருதம் நகரில் புதுவீட்டைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது, தெருவெங்கும் கார்கள். ஐயர் இலைமுன் உட்கார்ந்திருந்தார், இன்னும் பரிமாறவில்லை. பிரதிஷ்டையே அப்போதுதான் முடிந்ததாம். போன் அங்கியோடு வேறு யாருடைய காரிலோ இருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "மணி என்ன அண்ணாச்சி?"

"மூணு அடிக்கப் போவுது ஐயா. தீப்பெட்டிக் காலனியில எல்லாரும் காத்துக் கெடக்காவ. பிள்ளைக்குத் தகப்பன் அஞ்சு மணி பஸ்ஸுக்குப் போவணும்."

வீட்டுக்காரர் பொன்ராஜ், வங்கியில் மேலாளராக இருந்தவர். "ஐயர் காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலையே, பிரியாணி இதோ வந்துட்டு" என்றவர் பாதியில் நிறுத்தினார். "தீப்பெட்டிக் காலனியிலயா? அங்கன நமக்கு ஒரு கோயில் இருக்கா?"

"இருக்கு சார். ஒங்க சுத்தறிக்கையில மூணாவது வரி" என்றார் சாலமோன்.

பொன்ராஜ் ஆளனுப்பி ஐயரின் அங்கியையும் போனையும் வரவழைத்தார். உள்ளே போய்க் கார் சாவியை எடுத்து வந்தார். நான் ஐயரோடு பின்னிருக்கையில் ஏறிக்கொண்டேன். செவ்வாய் எப்போது தொடங்கியது என்று அவரிடமும் கேட்டேன்.

"எனக்கு முந்தி இருந்த ஐயர் ஒப்படைக்கும்போது, ஆலை வேலை நேரத்துக்காக அவங்களே கேட்டு வாங்கின நாள், இந்த மருதம் நகர் கோயில் வர்றதுக்கு முந்தியே அப்படித்தான்னு சொன்னார். நான் நம்பினேன். வாரத்துக்கு ஒரு ஞாயிறுதானே சார் இருக்கு. கேக்கிறவங்களுக்குக் குடுத்துட்டே வந்தா, கேக்காதவங்களுக்கு மிஞ்சறதில்லை."

மிளகாய் காய்ந்த இடத்தில் கார் நின்றது. ஐயர் அங்கியைக் கையில் சுருட்டிக்கொண்டு அந்த அரைக் கிலோமீட்டரையும் ஓட்டமும் நடையுமாகக் கடந்தார். மிளகாய்க் காரத்தில் தும்மிக்கொண்டே பொன்ராஜ் பின்னால் வந்தார்.

ஞானஸ்நானத் தொட்டி இந்த ஆலயத்தில் இல்லை. எவர்சில்வர் போகணியில் தண்ணீர் வைத்திருந்தார்கள். மூன்றரைக்கு ஐயர் பிள்ளையைக் கையில் வாங்கினார். தண்ணீர் பட்டதும் அவன் விழித்து அவர் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கினான். முன்வரிசைப் பெண்கள் சிரித்தார்கள். அருள்ராஜ் சிரிக்கவில்லை. அவன் அழுதுகொண்டிருந்தான். பொன்ராஜ் கடைசியில் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கூரையையும் ஒற்றை மின்விசிறியையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவில் ஐயர் வழக்கம்போல அறிவித்தார்: "அடுத்த ஆராதனை வரும் செவ்வாய் மாலை ஆறரை."

ஸ்டெல்லா பிள்ளையோடு எழுந்தாள். "ஐயா, அடுத்த மாசமும் ஒரு ஞாயிறு வருவீங்களா?"

"பார்ப்போம்மா. கமிட்டியில கேக்கிறேன்."

"கேளுங்க. நாங்களும் கேக்குதோம்." அவள் பொன்ராஜ் பக்கம் திரும்பினாள். "சாரும் கேப்பாவ."

பொன்ராஜ் தலையாட்டினார். கேட்பார் என்பதற்கா, அவள் சொன்னது காதில் விழுந்தது என்பதற்கா, எனக்குத் தெரியவில்லை. அருள்ராஜை பஸ் நிலையத்தில் விட்டதும் அவர் கார்தான்.

நாலரைக்கு நானும் கிளம்பினேன். மாடசாமி கடையில் எஞ்சியதைக் கட்டிக்கொண்டிருந்தார். செவ்வாயில் வெட்ட ஆரம்பித்தது எப்போது என்று கேட்டேன்.

"எம் பெரிய மவ பொறந்த வருசம்" என்றவர் தயங்கினார். "இல்ல, சின்னவளோ? எம் பொண்டாட்டிக்குத் தெரியும். அவ குளத்தூர் பக்கம் வயல்ல ஆட்டுக் கெடை போட்ட எடத்துல இருக்கா." பிறகு ஆலய வாசலில் நின்ற ஸ்டெல்லாவைப் பார்த்துக் கேட்டார்: "அதெல்லாம் கெடக்கட்டும். இனி எனக்கு எந்தக் கெழமைன்னு சொல்லுங்க. செவ்வாய்க்கு வெட்டவா, வேண்டாமா?"

"வெட்டுங்க அண்ணாச்சி. ஆனா அடுத்த மாசம் ரெண்டாவது ஞாயித்துக்கும் பெருசா ஒண்ணு வளத்து வையுங்க."

பாளையங்கோட்டையில் என் வீட்டு மாடியில் நின்றால் ஞாயிறு காலை மூன்று ஆலயங்களின் மணி கேட்கும். ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் போகலாம். மணியையும் பங்கு போடுவார்கள் என்று நான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை.

மாடசாமியின் மூத்த மகளுக்கு இருபத்தொரு வயது, இளையவளுக்குப் பதினெட்டு. மருதம் நகர்க் கல்வெட்டின் நாள் அந்த இரண்டு பிறப்புக்கும் நடுவில் விழுகிறது. மூத்தவள் பிறந்த வருடமென்றால் ஐயர் கேள்விப்பட்டதற்கு இடமுண்டு. இளையவள் என்றால் ஸ்டெல்லா சொன்னதே சரி, அந்தப் பத்தரை எடுத்துக்கொள்ளப்பட்டது. மாடசாமியின் மனைவி இன்னும் கிடையிலிருந்து திரும்பவில்லை என்று சாலமோன் போனில் சொன்னார். மார்ச் மாதச் சுற்றறிக்கையும் எனக்கு வந்து சேரவில்லை. எந்த மகள் என்பது, இதை எழுதும் வரை, சரிபார்க்கப்படவில்லை.