எங்கள் லேபின் நார்மல்

எங்கள் லேபில் அவனுக்கு நார்மல் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

ரத்தத்தை மூன்று நாள் வளர்த்து, செல்களுக்குள் இருக்கும் குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. நோயாளிகளின் பாட்டில்களோடு, நோய் நொடி இல்லாத ஒருவரின் ரத்தத்தையும் ஒரு பாட்டிலில் வளர்ப்போம். அதற்குக் கண்ட்ரோல் என்று பெயர். அது ஒழுங்காக வளர்ந்தால் எங்கள் மருந்திலும் மெஷினிலும் கோளாறு இல்லை என்று அர்த்தம். அந்த ரத்தத்துக்கு எங்கே போவது என்று நான் புலம்பிக்கொண்டிருந்த அன்று, வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகாத இவன் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு, "எடுத்துக்கங்க மேடம்" என்று நின்றான். பதினொரு வருடமாக எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ஆள். ஸ்லைடு போடுவதில் அவனை அடிக்க ஆளே கிடையாது. செல் கரைசலை ஈரக் கண்ணாடியின் மேல் உயரத்திலிருந்து ஒரு சொட்டு விட வேண்டும். கால் கட்டைவிரலில் எம்பி, கையைத் தலைக்கு மேலே தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விடுவான். விட்டதும் குனிந்து கண்ணாடி மேல் 'ஹா' என்று ஒரு ஊது. குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பிரிந்து கிடக்கும். லேபிளை மாற்றி ஒட்டினான் என்று ஒரு தடவைகூடப் புகார் வந்ததில்லை. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். வேலை விஷயமாக அவனைத் திட்ட எனக்கு வாய்ப்பே கொடுத்ததில்லை, பாவி.

திட்டினதெல்லாம் வேறு விஷயத்துக்கு. வீட்டில் வாயைத் திறக்க மாட்டான்.

அவன் மனைவி ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் தைக்கிறவள். மூன்று முறை உண்டாகி, மூன்றும் மூன்று மாதத்துக்குள் கலைந்துபோயின. மூன்றாவது கருவின் திசு எங்கள் லேபுக்கே வந்தது. ஒன்பதாம் நம்பர் குரோமோசோமில் ஒரு கூடுதல் துண்டு ஒட்டியிருந்தது. எங்கிருந்து வந்தது என்று அறிய, பெற்றோர் இருவரையும் சோதிக்கவும் என்று எழுதினேன். அவள் ரத்தத்தில் முப்பது செல் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தன.

"கணவர்?" என்று எங்கள் லேப் டாக்டர் கேட்டார்.

"அவர்தானே நம்ம கண்ட்ரோலே! பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கோம்" என்றேன் நான். எல்லோரும் சிரித்தோம், அவனும் சிரித்தான். 'கணவர்: நார்மல்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இந்தக் கையால்தான் போட்டேன்.

காரணம் தெரியவில்லை என்று ரிப்போர்ட் சொன்னால் வீடு சும்மா இருக்குமா? அவளுக்கு வயது முப்பத்தொன்பது. அது போதாதா? அவனுடைய அக்கா ஒரு முப்பது வயதுப் பெண்ணின் போட்டோவோடு வந்து இறங்கினாள். "அவளுக்கு வயசாயிடுச்சுடா. உனக்கென்ன குறை, லேப்லயே உன்னைத்தான் நார்மல்ங்கறாங்க."

இதையெல்லாம் ஒரு வியாழக்கிழமை ஸ்லைடு துடைத்தபடி அவனே சொன்னான். ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி பெட்டி கட்டிவிட்டாளாம். "நான் இருந்தா உங்களுக்குக் குழந்தை இல்லை, நீங்க உங்க அக்கா சொல்றதைக் கேளுங்க" என்றாளாம்.

"நீ என்ன சொன்னே?"

"ஒண்ணும் சொல்லலை மேடம்."

"வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. புதிதாக வந்த கேமராவைச் சரிபார்க்க, நார்மலான ஒருவரின் நூறு செல்களைப் படம் எடுத்து, குரோமோசோம்களை ஜோடி ஜோடியாக அடுக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. வேறு யார், அவன் ஸ்லைடைத்தான் எடுத்தேன். பதினான்காவது செல்லில் நான்காம் நம்பர் ஒன்று குட்டையாக இருந்தது. ஒன்பதாம் நம்பர் ஒன்று நீளமாக இருந்தது. ஒரு செல்லில் என்றால் தற்செயல் என்று விட்டுவிடலாம். இருபத்திரண்டில் மறுபடி அதே. முப்பத்தொன்றிலும் அதே. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நூறையும் முடித்தபோது பதினொரு செல்லில் நான்காம் நம்பரின் துண்டு ஒன்பதாம் நம்பரில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கருவில் நான் பார்த்த அதே துண்டு.

சில செல் இப்படி, மீதி செல் அப்படி என்று கலந்திருப்பதை நாங்கள் மொசைக் என்போம். தரையில் பதிக்கிற அதே மொசைக்தான். பதினொரு வருடமாக ஏன் கண்ணில் படவில்லை? கண்ட்ரோல் வளர்ந்திருக்கிறதா என்று ஐந்து செல் பார்ப்போம். குரோமோசோம் நாற்பத்தாறு இருக்கிறதா என்று எண்ணுவோம். இருக்கும். துண்டு இடம் மாறினால் எண்ணிக்கையா மாறும்? எண்ணிவிட்டுக் கழுவி ஊற்றிவிடுவோம்.

எங்கள் பதிவேட்டில் இந்த மாதிரி மொசைக் பதினேழு பேர். அதில் பன்னிரண்டு பேர் பெண்கள். பெண்களிடம்தான் இது அதிகம் தென்படுகிறது என்று சில ஆராய்ச்சிகளும் சொல்வதாக டாக்டர் சொல்வார். இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் குழந்தை தங்கவில்லை என்றால் எங்கள் வாசலுக்கு முதலில் வருவது பெண்ணின் ரத்தம். ஆணின் ரத்தம் மூன்று முறை ஆள் அனுப்பினால் வரும். நம்மவன் ரத்தமோ தானாக வந்து, கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அன்று நான் அழுதேன். சொல்ல என்ன வெட்கம்?

அவனைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப்பில் உட்கார வைத்தேன். வெகுநேரம் பார்த்தான்.

"ஸ்லைடு மாறியிருக்கும் மேடம்" என்றான். அப்புறம் அவனே, "நான் மாத்த மாட்டேனே" என்றான்.

டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தத்தில் இருப்பது விந்திலும் எவ்வளவு இருக்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும், ஆனால் கருவில் இருந்த துண்டு இவரிடமிருந்துதான் போயிருக்க வேண்டும் என்றார். "நீங்க பிறந்தப்போ அப்பாவுக்கு என்ன வயசு?" என்று கேட்டார்.

"அம்பத்தாறு சார்."

அப்பாவின் வயதுக்கும் இப்படித் துண்டு மாறுவதற்கும் தொடர்பு உண்டா என்று இன்னும் ஆராய்கிறார்கள், உறுதியாகச் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். அடக் கடவுளே, இந்தக் குடும்பத்தில் வயதைத்தான் கேட்க வேண்டுமென்றால் யார் வயதை எல்லாம் கேட்டிருக்க வேண்டும்!

"நீங்க வீட்டுக்கு வந்து சொல்லுங்க மேடம்" என்று கெஞ்சினான்.

"என் தப்பை நான் எழுதித் தர்றேன். மிச்சத்தை நீ உன் வாயால சொல்லு" என்றேன். 'கணவர்: நார்மல்' என்ற வரியை அடித்து, திருத்திய ரிப்போர்ட்டை அவன் கையில் கொடுத்தேன்.

சனியும் ஞாயிறும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. திங்கட்கிழமை காலை அவன் மனைவி முன்னால் வந்தாள். அவன் பின்னால் பூனை மாதிரி வந்தான்.

"எனக்கு அதைக் காட்டுங்க மேடம்" என்றாள். திரையில் காட்டினேன். தைக்கிறவள் இல்லையா, சட்டென்று பிடித்துக்கொண்டாள். "ஒரு சட்டையோட கையை வெட்டி இன்னொரு சட்டையில தைச்ச மாதிரி இருக்கு. துணி குறையலை. ஆனா அதுல ஒரு சட்டையை மட்டும் பிள்ளைக்குக் குடுத்தா பொருந்தாது."

"அதேதாம்மா."

"அப்போ என் வயசு இல்லையா?"

"இந்தத் துண்டுக்கும் உன் வயசுக்கும் சம்பந்தமே இல்லை. எல்லார் மாதிரி நானும் பார்க்காமலே எழுதிட்டேன். என்னை மன்னிச்சுடும்மா."

அவள் மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"பெட்டி?" என்று மெல்லக் கேட்டேன்.

"அவங்க அக்கா கையில போட்டோவைத் திருப்பிக் குடுத்து, 'கோளாறு எங்கிட்டதான்க்கா, இவளை இனிமே ஒரு வார்த்தை பேசாதே'ன்னுட்டார். பெட்டியைப் பிரிச்சு அலமாரியில அடுக்கினதும் அவர்தான். எல்லாத்தையும் தப்புத் தப்பா மடிச்சு வெச்சிருக்கார்." அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள். அவன் அசடு வழிந்தபடி சட்டைக்கையைச் சுருட்டினான். அன்று புது பாட்டில்கள் வைக்கும் நாள், பழக்க தோஷம்.

"நீங்க சட்டைக்கையை இறக்குங்க" என்று அவன் கையைத் தள்ளிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "எனக்குத்தான் எல்லாம் சரியா இருக்குன்னு எழுதியிருக்கீங்களே. என்னுதை எடுங்க."

நான் ரப்பரைக் கட்டினேன். அவன் லேபிளை எழுதினான். ஊசி போகும்போது அவள் முகத்தைத் திருப்பவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"அஞ்சு செல் பார்த்துட்டு விட்டுடாதீங்க மேடம். நூறும் பாருங்க."

மூன்று நாள் கழித்து அவன் கட்டைவிரலில் எம்பிச் சொட்டு விட்டான். நான் நூறும் பார்த்தேன்.