நேராகப் போன இளஞ்செழியன்

வடக்கனந்தல் இளஞ்செழியன் கரும்பு டிராக்டர் ஓட்டுபவர். சாராயத்தைக் கையால் தொட்டதில்லை. அந்தப் பெருமையை டீக்கடை டீக்கடையாகச் சொல்வார். சொல்லி முடித்ததும் கடைக்குப் பின்னால் போய்க் கஞ்சா பீடி பற்றவைப்பார்.

"குடிச்சிட்டு ஓட்றவன்தான் பறப்பான். இது போட்டா வண்டி நிதானமா போவும்" என்பது அவர் கட்சி.

"நிதானமாவே ஒரு நாளு போய்ச் சேரப் போற, பாரு" என்பாள் மனைவி செந்தமிழ்ச்செல்வி.

போன தை மாதம், உச்சி வெயில். பீடியை முடித்துக்கொண்டு மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்கு லோடோடு கிளம்பினார். புளியமரங்கள் சர்ரென்று பின்னால் ஓடுவதுபோல் இருந்தது. 'இன்னிக்கி கொஞ்சம் ஸ்பீடு ஜாஸ்திதான்' என்று தன்னைத் தானே கண்டித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தெரு ஐயப்பனின் மாட்டுவண்டி அவரைத் தாண்டிப் போனது.

"இன்னா மாமா, டீசல் தீந்துபோச்சா?"

மாட்டுக்கு யாரோ எதையோ கொடுத்துவிட்டார்கள் என்று இளஞ்செழியன் முடிவு செய்தார்.

சற்றுத் தூரத்தில் காக்கிச் சட்டை ஒன்று கையை நீட்டி நின்றது. உடனே ஓரங்கட்டினார். இறங்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, லைசென்ஸை நீட்டினார். "ஐயா, லோடு கொஞ்சம் ஜாஸ்திதாங்க. இந்த ஒரு வாட்டி விட்டுடுங்க."

காக்கிச் சட்டை வாய் திறக்கவில்லை. பின்னால் வந்து நின்ற பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் ஜன்னலாகச் சிரித்தார்கள். அது மக்காச்சோளக் கொல்லையில் குருவி விரட்ட நட்டிருந்த பொம்மை. இளஞ்செழியன் அதன் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியேறினார்.

அடுத்த வளைவில், அதே ஊர் ஆயம்மாள் புல்லுக்கட்டைத் தலையில் தூக்கி வைக்கக் குனிந்திருந்தாள். இளஞ்செழியன் அவளை நன்றாகவே பார்த்தார். பிரேக் போட வேண்டும் என்று நினைத்தார். நினைத்ததே போட்டதுபோல் இருந்தது. வண்டி எப்போது நிற்கும் என்று, பயணிபோல உட்கார்ந்து காத்திருந்தார்.

ஆயம்மாள் வாய்க்காலில் குதித்தாள். டிராக்டர் புல்லுக்கட்டின் மேலேறி, வளைவைக் கவனிக்காமல் சேற்று வயலில் இறங்கிப் புதைந்தது. கரும்பு சரிந்து கொட்டியது.

"வளைவுல ஏன்யா திருப்பல?" என்று கேட்டார் ஓடிவந்த ஏட்டு. இவர் நிஜம்.

"நான் நேராத்தான் சார் போனேன். ரோடுதான் திரும்பிடுச்சு."

கூட்டம் சிரித்தது. சேறு சொட்டச் சொட்ட ஆயம்மாள் கரையேறியபோதுதான் சிரிப்பு நின்றது.

"நானும் உன்ன பாத்தேன், நீயும் என்ன பாத்துக்கினேதான் வந்த. அப்புறம் ஏன்டா நிறுத்தல?"

அவர் நசுங்கிக் கிடந்த புல்லைக் குனிந்து பொறுக்கத் தொடங்கினார்.

வழக்கானது, லைசென்ஸ் முடங்கியது. வீட்டில் செந்தமிழ்ச்செல்வி பேச்சை நிறுத்தினாள். மறுநாள் காலையில் இளஞ்செழியன் தானே அறுத்த புல்லைத் தலையில் சுமந்துகொண்டு ஆயம்மாள் வீட்டுக்குப் போனார்.

"அங்கியே நில்லு" என்று அவள் கிட்டே வந்து, அவர் கண் இமையை விரலால் விரித்துப் பார்த்தாள். "செவப்பு இல்ல. கொண்டாந்து மாட்டுக்குப் போடு."

தினமும் அந்தப் பரிசோதனை நடந்தது. பீடி இல்லாத முதல் சில வாரங்கள் தூக்கம் வரவில்லை. எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தார். "இதுக்கு நீயும் என்னமாரி பேசாத இருந்தா தேவல" என்று சொல்லத்தான் மனைவி மறுபடி வாய் திறந்தாள்.

அடுத்த கரும்பு அரவைப் பருவத்துக்கு லைசென்ஸ் கையில் வந்தது. இப்போது சாலையோரம் யாராவது குனிந்தால் போதும், இளஞ்செழியன் கால் பிரேக்கில் இருக்கும். செருப்பு வாரை மாட்டக் குனிந்தவர்களுக்கும் வண்டி நிற்கிறது. பின்னால் வரும் பஸ் டிரைவர்கள் அவர் குலத்தையே இழுத்துத் திட்டுகிறார்கள். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.