கேமராவுக்கு என்று கேட்ட பலகை

மைசூரில் யாரும் ‘முடியாது’ என்று சொல்வதில்லை. குழாய் ரிப்பேர்க்காரர் முதல் வீட்டு உரிமையாளர் வரை எதைக் கேட்டாலும் “மாடோணா” என்கிறார்கள். செய்வோம் என்று அர்த்தம். கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்த எனக்கு இது பெரிய இம்சை. எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே “ஆவாதுங்க” என்றுவிடுவார்கள். அழுதுவிட்டு வேறு வழி பார்க்கலாம். இங்கே வந்த புதிதில், அந்த ஒற்றைச் சொல்லை நம்பிக் குழாய்க்காரருக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவ்வளவு சிரித்த முகமாகச் சொன்னவர் வராமல் இருப்பாரா? இருந்தார்.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். மைசூர் ஹெப்பாளில் தொழிற்சாலை வேலை பார்ப்பவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். மணப்பெண் அறைக்குள் படம்பிடிக்க ஒரு பெண் வேண்டுமென்று வீடியோ ஸ்டுடியோக்காரர் ஒருவர் தேடியதில் கேமரா என் கைக்கு வந்தது. பேட்டரி தீர்ந்துவிடுமோ, தாலி கட்டும் நேரத்தில் யாராவது குறுக்கே வந்துவிடுவார்களோ என்று பயந்து பயந்தே தொழில் கற்றேன். அப்படி ஒரு கல்யாண வரவேற்பில்தான் மாதேவியைப் பார்த்தேன். அவளுடையது சக்கர நாற்காலியில் நடனமாடும் குழு. மேடை மணமக்களுக்கு என்பதால், பந்திக்குப் போகும் வழியில் ஆடவிட்டிருந்தார்கள். ஒரு சக்கரத்தை இறுக்கிப் பிடித்து மறு சக்கரத்தைத் தள்ளிவிட்டாள் பாருங்கள், பம்பரம்தான். அன்றைக்கு மணமக்களை மறந்துவிட்டு அவளையே எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு சோற்றுக்குக் கல்யாண வீடியோ, மனசுக்கு ஆவணப்படம் என்று ஆகிவிட்டது. மாதேவி, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கௌதள்ளிக்காரி. வீட்டில் தமிழ்தான், ஆனால் கர்நாடகம்தான் அவள் மண். “நீங்கதானுங்க்கா வெளியூரு” என்று என்னைச் சீண்டுவாள்.

மைசூரிலேயே விஜயநகரில் ஒரு பிள்ளையார் சதுர்த்தி விழாவுக்கு அந்தக் குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். முதன்முதலாக மேடையில்! நாற்காலி ஏறச் சரிவாகப் பலகை போடுங்கள் என்று விழாச் செயலாளரிடம் ஒரு வாரமாகச் சொன்னேன். “மாடோணா மேடம், டென்ஷன் மாட்கோபேடி” என்றார். டென்ஷன்படாமல் இருக்க எனக்கு எங்கே தெரியும்? விழா அன்று மாலை போய்ப் பார்த்தால் படிக்கட்டு மட்டும்தான் இருந்தது. “நாலு ஜன எத்கோத்தாரே” என்று அவர் சிரித்தார். நாலு பேர் தூக்கிவிடுவார்களாம்.

மாதேவி சக்கரத்தைப் பூட்டிவிட்டாள். “ஆட்டத்தப் பாக்கறதுக்கு முந்தியே பாவம்னு பாத்துருவாங்கக்கா. அப்பறம் ஆடி என்ன பண்றது? தூக்குனா நா ஆடமாட்டேன்.”

ஆடாமல் திரும்பினால், இவர்களைக் கூப்பிட்டாலே தகராறு என்று இனி எந்த விழாவிலும் சேர்க்கமாட்டார்கள். பயத்தில்தான் எனக்கு மூளை ஓடும். செயலாளரிடம் மறுபடி ஓடினேன். “சார், ட்ராலி கேமரா மேடைக்கு ஏறணும், பலகை வேணும்” என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னேன். இந்த முறை மாடோணா வரவில்லை. போனை எடுத்து மேடை போட்டவரை ஒரு விரட்டு விரட்டினார். எனக்குக் கொடுத்த காபி ஆறுவதற்குள் பலகை வந்து, ஆணியும் அடித்தாயிற்று.

அதில் மாதேவி ஏறினாள்; பின்னாலேயே குழுவும் ஏறியது. யாரும் தொடவில்லை. “கேமரா எல்லி மேடம்?” என்று எங்கே எங்கே எனத் தேடினார் செயலாளர். கையிலிருந்த சின்னக் கேமராவைத் தூக்கிக் காட்டினேன். ஒரு நொடி விழித்தவர், வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் விசிலடித்ததும் அவர்தான்.

மாதேவி மட்டும் முழுதாகச் சிரிக்கவில்லை. “இன்னைக்குக் கேமரா பேர்ல ஏறிட்டேன், செரி. அடுத்த வாட்டி எம்பேரச் சொல்லிக் கேளுங்கக்கா.”

அது தைத்துவிட்டது. அந்தப் பலகையை மேடைக்காரரிடமே விலைக்கு வாங்கினேன். போன மாதம், இவர்களை வைத்து நான் எடுத்த ஆவணப்படத்தைத் திரையிட்டு, மாதேவியையும் ஆடவைக்க எங்கள் ஊர் கோபியிலிருந்து அழைப்பு வந்தது. பலகையை வண்டிமேல் கட்டிக்கொண்டு கிளம்பினோம். திம்பம் மலை இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் கயிறு தாங்குமா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். “நீங்க உள்ள வாங்கக்கா, அது வரும்” என்றாள் அவள்.

மண்டபத்தில் மேலாளர் என் ஊர்க்காரர். என் பேச்சிலேயே அதைக் கண்டுகொண்டார். ஆனால் பலகையைப் பார்த்ததும் முகம் மாறியது. “அதெல்லாம் ஆவாதுங்க அம்மணி. மேடைல கீறல் உழுந்துரும். நாலு பேரு தூக்கி வெச்சுக்கலாம்.”

எல்லை தாண்டி வந்தும் அதே நாலு பேர். கேமராவுக்கு என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பக்கத்தில் மாதேவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாதேவிக்குங்க. இன்னைக்கு ஆடறது அவங்கதான். அவங்க ஏறோணும்” என்றேன்.

“அதான் ஆவாதுன்னு சொல்றனல்லங்க.”

“மாடோணா” என்றேன். என்னை அறியாமல் வந்துவிட்டது. அவருக்குப் புரியவில்லை; மாதேவிக்கு அடக்கமுடியாத சிரிப்பு. அவர் விழித்துக்கொண்டிருக்கும்போதே என் கழுத்துத் துண்டை எடுத்து மேடை விளிம்பில் விரித்து, பலகையைச் சாய்த்துவிட்டேன். கீறல் விழாது என்றானதும் ஒரு முனையை அவரே பிடித்து நேராக்கினார்.

பலகை நெடுகிலும் மைசூர் மேடைக்காரரின் கடைப் பெயர் கன்னடத்தில் எழுதியிருந்தது. அந்த எழுத்துகளின் மேல் சக்கரத்தை உருட்டி, எங்கள் ஊர் மேடையில் ஏறினாள் மாதேவி. எனக்கோ, தாங்குமா என்று அப்போதும் ஒரே கவலை.

தாங்கியது.