எட்டாம் மாடி வல்லூறுகள்

பால்கனிக்குள் புறா வராமல் வலை கட்ட ஒரு பெண் வருவாள் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. கதவைத் திறந்ததும் அவளுக்குப் பின்னால் நிற்கிற கொழுந்தனைப் பார்த்துத்தான், "வாப்பா, எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்பார்கள். அவன் கையை விரித்து, "அண்ணியைக் கேளுங்க சார். நான் கயிறு பிடிக்கிறவன்," என்பான். அதற்குள் அவள் செருப்பை வாசலில் விட்டு, இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு, பால்கனிக்குப் போயிருப்பாள்.

அது அவள் புருஷன் செய்த தொழில். ஒரு மத்தியானம், சின்ன வேலைதானே என்று பட்டையை மாட்டாமல் ஜன்னல் விளிம்பில் கால் வைத்தான். அதோடு சரி. துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் கலைந்த பிறகு, மூலையில் கிடந்த டிரில்லையும் வலைச் சுருளையும் அவள் கையில் எடுத்தபோது மாமியார் குறுக்கே வந்து நின்றாள்.

"என் புள்ளையைத் தின்ன வேலை இது. உனக்கு வேற வேலையே கிடைக்கலையா?"

"கிடைச்சா சொல்லுங்க அத்தை, போறேன்."

மாமியார் சொல்லவில்லை. அன்றிலிருந்து வேறெதுவும் பேசவும் இல்லை. பேத்தியைக் குளிப்பாட்டுவாள், தலை வாரிவிடுவாள், மருமகள் வரும் நேரத்துக்குச் சாப்பாட்டை மூடி வைப்பாள். வாயை மட்டும் திறக்க மாட்டாள்.

அந்த வருடம் எதிரெதிராக நின்ற இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களில் வேலை கிடைத்தது. முன்கட்டடம் முழுவதும் வலை. அது முடிந்தால் பின்கட்டடமும் அவர்களுக்கே என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார். வேலை ஆரம்பித்த வாரத்திலேயே புறாக்கள் குறைய ஆரம்பித்தன. என்னவென்று பார்த்தால், பின்கட்டடத்து எட்டாம் மாடியில், பழுதான ஏ.சி. பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு வல்லூறு ஜோடி குச்சிகளை அடுக்கிக் குடித்தனம் போட்டிருந்தது.

"அண்ணி, நம்ம பொழப்புல மண்ணள்ளிப் போட ஆள் வந்தாச்சு," என்றான் கொழுந்தன். "இதுங்க வலையும் கட்டாது, துளையும் போடாது. புறாவே இருக்காது."

அவள் சிரித்தாள். கயிற்றில் தொங்கியபடி திரும்பிப் பார்த்தால் கூடு நேர் எதிரே தெரியும். ஆண் சின்னது, பெண் பெரியது. ஆண் எங்கிருந்தோ புறாவைக் கொண்டுவந்து போட, பெண் அதைப் பிய்த்துப் பிய்த்து வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்த மூன்று குஞ்சுகளுக்கு ஊட்டும். எந்த வீட்டில் ஆணியடித்துக்கொண்டிருந்தாலும் அவள் கண் அங்கேதான் போகும்.

கூட்டை ஒட்டிய ஜன்னலுக்குரிய வீட்டில் ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருத்தி தனியாக இருந்தாள். ஒருநாள் அந்தம்மா ஜன்னலிலிருந்து கையசைத்து, "அந்தரத்துல தொங்கிக்கிட்டு என்ன வேடிக்கை? இங்க வந்து உக்காந்து பாரு," என்று கத்தினாள். சாப்பாட்டு வேளையில் அவள் போனாள். திரைச்சீலையை ஒரு விரல் அளவுக்கு விலக்கினால் கை எட்டும் தூரத்தில் மொத்தக் குடும்பமும் இருந்தது. அதன்பிறகு மத்தியானமெல்லாம் அங்கேதான். நர்ஸம்மா டீ போட்டுத் தருவாள். அறுபது வயதுக்கு மேல் தனக்குக் கிடைத்த முதல் நல்ல அக்கம்பக்கம் இதுதான் என்பாள். "ராத்திரி பாட்டுப் போடறதில்ல, சங்கத்துல போட்டுக் கொடுக்கிறதில்ல."

மூன்றில் ஒன்று நோஞ்சான். ஊட்டும்போது மற்ற இரண்டும் அதை மிதித்துத் தள்ளிவிட்டு முன்னே வந்துவிடும். ஒரு மத்தியானம் அது தலையைத் தொங்கப் போட்டுக் கிடந்தது. தாய் குனிந்து பார்த்தது, அலகால் ஒருமுறை புரட்டியது. பிறகு புறாவைப் பிய்ப்பது போலவே அதையும் பிய்த்து மற்ற இரண்டுக்கும் ஊட்ட ஆரம்பித்தது.

அவள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். "என்னம்மா இது? பெத்தவளா இவ?"

"பெத்தவதான். மிச்சம் ரெண்டு இருக்கில்ல," என்றாள் நர்ஸம்மா. வார்டில் எத்தனையோ சாவு பார்த்தவளின் குரல்.

அன்று வீட்டுக்குப் போனதும் தூங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்பி மடியில் போட்டுக்கொண்டாள். மாமியார் பார்த்துவிட்டு, மூடி வைத்திருந்த சாப்பாட்டை எடுத்து வைத்தாள்.

முன்கட்டடத்து வேலை முடிகிற சமயம். காவல்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "அக்கா, உங்க வலையில ஏதோ பெரிய பறவை மாட்டிக்கிச்சு!"

ஐந்தாம் மாடி வலை. புறாவைத் துரத்திக்கொண்டு வந்த ஆண் வல்லூறு அதே வேகத்தில் மோதியிருக்கிறது. ஒரு இறக்கை கண்ணிகளுக்குள் முறுக்கிக்கொண்டு தலைகீழாகத் தொங்கியது. உதறும்போதெல்லாம் நூல் இன்னும் இறுகியது. கீழே பத்துப் பேர் போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் ஆறாம் மாடியிலிருந்து இறங்கினாள். "கயிறை விடாதடா," என்றாள். "விடுவேனா அண்ணி," என்றான் கொழுந்தன். கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். அவள் வலையை அறுக்க அறுக்க, வல்லூறு அவள் இடது கையில் நகங்களைப் பதித்தது. உள்ளங்கையில் ஏறிய நகம் விரல் நரம்பு வரை இறங்கியது. அவள் அறுப்பதை நிறுத்தவில்லை. அறுபடவே அறுபடாத நூல் என்று வீடுவீடாக அவளே சொல்லி விற்ற வலை அது. சொன்னது பொய்யில்லை. கத்திக்கே அது எளிதில் இடம் கொடுக்கவில்லை.

பின்கட்டடத்திலிருந்து ஓடிவந்திருந்த நர்ஸம்மா, பால்கனியில் நின்று பறவையைத் துண்டில் சுற்றி வாங்கிக்கொண்டாள். இறக்கை எலும்பு முறிந்து தோலுக்கு வெளியே வந்திருந்தது. கால்நடை மருத்துவர் வருவதற்குள் அதன் மஞ்சள் கண் மூடிவிட்டது. நர்ஸம்மா அவள் கையைக் கழுவிக் கட்டுப்போட்டாள். "நீ வேணும்னா செஞ்ச?" என்றாள்.

"கட்டினது நான்தானே."

தாய் அன்று சாயங்காலம் வரை விளிம்பில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் குஞ்சுகளை விட்டுவிட்டுத் தானே வேட்டைக்குப் போனது. அது போன நேரம் பார்த்துக் காக்கைகள் வந்தன. நர்ஸம்மா ஜன்னல் ஓரமாகத் துடைப்பத்தை நீட்டி விரட்டுவாள், இறைச்சித் துண்டுகளை இடுக்கியால் பெட்டிமேல் வைப்பாள். தாய் அதைத் தொடவில்லை, எறும்புதான் தின்றது. அந்தம்மா கடைக்குப் போய்த் திரும்புவதற்குள் காக்கைகள் ஒரு குஞ்சைக் கொத்திக் கீழே தள்ளிவிட்டன. மிஞ்சியது ஒன்று.

அதற்குப்பின் தாய்க்கு வெறி பிடித்த மாதிரி ஆகிவிட்டது. மொட்டைமாடியில் துணி காயப்போடப் போனவர்கள் தலையிலெல்லாம் பாய்ந்தது. செயலாளருக்கே நெற்றியில் கீறல். அவர் அவளைக் கூப்பிட்டனுப்பினார்.

"உங்ககிட்டத்தான் கயிறு இருக்கே. கூட்டைக் கலைச்சுப் போட்டுட்டு, அந்தப் பக்க வேலையை ஆரம்பிச்சுடுங்க."

"குஞ்சு பறக்கட்டும் சார். இன்னும் கொஞ்ச நாள்தான்."

"முடியாதுன்னா சொல்லுங்க, வேற ஆள் இருக்கு."

"வேற ஆளையே பாத்துக்குங்க சார்."

வெளியே வந்ததும் கொழுந்தன் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான். பிறகு, "ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம் அண்ணி," என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது.

வேறு ஆள் வந்தான். நர்ஸம்மா கதவைத் திறக்க மறுத்துவிட்டாள், அவன் மொட்டைமாடியிலிருந்து இறங்கிக் கம்பால் கூட்டைக் குத்திக் கலைத்தான். இறகு முழுதாக முளைக்காத குஞ்சு பயந்து குதித்தது. கோணல்மாணலாகச் சரிந்து கார்கள் நிற்கும் இடத்தில் விழுந்தது. காவல்காரர் ஒரு பிளாஸ்டிக் கூடையை அதன்மேல் கவிழ்த்தார். நர்ஸம்மா அவளுக்குப் போன் போட்டாள்.

வாசலில் கேட்டவர்களிடம், "நர்ஸம்மா வீட்டு விருந்தாளி," என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். கூடையோடு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி, நிழல் விழுந்த மூலையில் குஞ்சை விட்டாள். நிமிர்வதற்குள் தாய் வந்து அவள் பின்தலையில் அறைந்தது. ரத்தம் கழுத்தில் வழிந்தது. அவள் கையை உயர்த்தித் தடுக்கவில்லை. "அடி. நல்லா அடி," என்று சொல்லிக்கொண்டே ஏணியில் இறங்கினாள்.

தாய் அங்கே இரை கொண்டுபோனதை நர்ஸம்மா பார்த்தாள். சில நாள் கழித்து இரண்டையுமே காணவில்லை. பறந்து போயினவா, காக்கை தீர்த்துவிட்டதா, யாருக்கும் தெரியாது.

அவள் இப்போதும் வலைதான் கட்டுகிறாள். வேறு வேலை கிடைக்கவில்லை. இடது கையின் இரண்டு விரல்கள் சரியாக மடங்குவதில்லை, அதனால் முடிச்சுகளைக் கொழுந்தன் போடுகிறான். ஒவ்வொரு வலையிலும் பழைய சிவப்புத் துணியைக் கிழித்து அங்கங்கே பட்டையாகக் கட்டிவிடுகிறாள், தூரத்திலிருந்து வருகிற பறவைக்கு வலை தெரியட்டும் என்று. பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று சிலர், அவள் படியிறங்கிப் போனதும், கத்தரிக்கோலால் அதை வெட்டிப் போட்டுவிடுகிறார்கள்.