நெஞ்சில் ஒரு குறையும் இல்லை

எனக்கு மூத்தவளான என் ராத்தாவின் கன்னங்கள் நல்ல சிவப்பு. மருதமுனையில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த பெண்டுகள் எல்லாரும் முதலில் சொன்னது அதைத்தான். வெயில் படாமல் வீட்டுக்குள் இருக்கிற குமர்ப்பிள்ளைக்கு இப்படி ஒரு நிறமா என்று வியந்தார்கள். அவர்கள் போனதும் உம்மா கண்ணூறு கழிக்க மிளகாயைச் சுற்றி அடுப்பில் போடுவா. அந்தச் சிவப்பே ஒரு நோயின் அடையாளம் என்று எங்களுக்குச் சொல்ல அப்போது யாரும் இல்லை. சொல்லியிருந்தாலும் நாங்கள் காது கொடுத்திருப்போமா என்பது வேறு விஷயம்.

ஒன்பது வயதில் ராத்தாவுக்குத் தொண்டை நோவோடு காய்ச்சல் வந்தது. பிறகு முழங்கால், கணுக்கால், முழங்கை என்று மூட்டுகள் ஒவ்வொன்றாக வீங்கின. பரிசாரி எண்ணெய் தந்தார், பத்தியம் சொன்னார். இரண்டு மாதத்தில் வீக்கம் வற்றிவிட்டது. வருத்தம் போய்விட்டது என்று நாங்கள் கந்தூரி வைத்துச் சோறு கொடுத்தோம். அது எங்கேயும் போகவில்லை. மூட்டிலிருந்து நெஞ்சுக்குள் இறங்கியிருந்தது.

அதற்குப் பிறகு அவளால் தறி மிதிக்க முடியவில்லை. ஐம்பதுகளில் எங்கள் ஊரில் தறி மிதிக்காத வீடு குறைவு. எங்கள் வீட்டில் முன்பக்கம் வாப்பாவின் தறிகள், உள்ளறையில் உம்மாவும் நானும் நெய்யும் தறி. ராத்தா பத்துத் தரம் மிதிப்பாள், பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அதனால் உட்கார்ந்து நூல் சுற்றும் வேலையை அவளுக்குக் கொடுத்தோம். நான் அவளை ‘மாராசாத்தி’ என்று கூப்பிடுவேன். “மாராசாத்திக்குக் கால் நோகப்படாது” என்பேன். அவள் சிரிப்பாள், சிரித்தால் இருமல் வரும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இன்றைக்கும் அப்படித்தான். அந்தச் சொல்லை மட்டும் பிறகு நான் யாருக்கும் சொன்னதில்லை.

அவளுக்குப் பதினெட்டு நடந்தபோது சாய்ந்தமருதில் தோணி கட்டும் ஓடாவி வீட்டிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அமைதியான மனிதர் என்று எல்லாரும் சொன்னார்கள். அவருடைய உம்மா பெண் பார்க்க வந்த அன்று, குசினி அடுப்படியிலிருந்து மண்டபத்துக்குச் சர்பத் தட்டைத் தூக்கி வந்த ராத்தாவுக்கு மூச்சு வாங்கியது. அந்த மனுசி சர்பத்தைக் குடித்துவிட்டுப் போனா. இரண்டு நாளில் சொல்லியனுப்பினா: “புள்ள நல்ல புள்ள. ஆனா மூச்சு வாங்குது. டொக்டர் ஒருக்கா பார்த்து என்னண்டு செல்லட்டும். குறை இல்லண்டா நாங்க நாள் வைப்பம்.”

அன்றைக்கு எனக்கு அந்த மனுசிமேல் வந்த கோபம் கொஞ்ச நஞ்சம் இல்லை. இப்போது யோசித்தால், அந்தக் கதை முழுவதிலும் சரியாக நடந்துகொண்டவ அவ ஒருத்திதான்.

டொக்டர் வெளியூர்த் தமிழர். கொஞ்ச நாளைக்கு முன்னர்தான் எங்கள் பகுதி ஆஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்திருந்தார். சைக்கிளில் வருவார். நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாயை ஒரு காக்கிப் பைக்குள் சுருட்டி வைத்திருப்பார். குமர்ப்பிள்ளையை அந்நிய ஆண் பார்ப்பதா என்று வீட்டுப் பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு வழி சொன்னார்கள். அறை வாசலில் சீலை கட்டுவது. டொக்டர் இந்தப் பக்கம் நாற்காலியில் இருப்பார், குழாயின் நுனியைச் சீலைக்குக் கீழால் கொடுப்பார், அவர் சொல்கிற இடத்தில் உம்மா வைத்துப் பிடிப்பா.

“இப்படிப் பார்க்கிறதும் ஒன்று, பார்க்காமல் விடுகிறதும் ஒன்று” என்று டொக்டர் வாப்பாவிடம் மறுத்தார். வாப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். டொக்டர் இரங்கிவிட்டார். பிறகு அவர் பட்ட பாடெல்லாம் அந்த இரக்கத்தால் வந்ததுதான்.

டொக்டர் வருகிற காலையில் உம்மா என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டு, ராத்தாவின் வளையல்களை என் கையில் போட்டா. எனக்கு அப்போது பதினைந்து வயது. வளையல்கள் முழங்கை வரைக்கும் ஓடின.

“நீ இரி” என்றா உம்மா. “உன்ட நெஞ்சு நல்ல நெஞ்சு.”

“ராத்தா?”

“அவ குசினிக்குள்ள. கதைக்காத.”

உம்மா கெட்டவ இல்லை. ‘நெஞ்சு வருத்தக்காரி’ என்று ஒரு பெயர் விழுந்தால் ராத்தாவுக்கு மட்டுமல்ல, எனக்கும் மாப்பிள்ளை வராது என்று பயந்தா. கலியாணம் முடித்து ஒரு பிள்ளை கிடைத்தால் உடம்பு தேறிவிடும் என்று உண்மையாகவே நம்பினா. எனக்கு அந்த நம்பிக்கைகூட இல்லை. இரவில் மூச்சு முட்டாமல் இருக்க ராத்தா தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொண்டு தூங்குவதைப் பக்கத்துப் பாயிலிருந்து பார்த்தவள் நான். ‘மாட்டன்’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எதற்கெடுத்தாலும் நீளுகிற என் வாய் அன்றைக்கு மூடிக்கொண்டது.

சீலைக்குப் பின்னால் போய் இருந்தேன். வாப்பாவே நெய்த சீலை அது. குழாயின் நுனி நெஞ்சில் பட்டபோது குளிர்ந்தது. “அம்மா, கொஞ்சம் கீழே. இடப்பக்கம். அங்கேயே பிடியுங்கள்” என்று டொக்டரின் குரல் வந்தது. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. கள்ளம் செய்கிற நெஞ்சு வேறு எப்படி அடிக்கும்? “பிள்ளை பயந்திருக்கிறது, மூச்சை இழுத்து விடு பிள்ளை” என்றார் டொக்டர். பிறகு கையைக் கேட்டார். நீட்டினேன். நாடியைப் பிடித்துக்கொண்டு, “வளையல் தளர்ந்துபோய் இருக்கிறதே, நன்றாகச் சாப்பிடக் கொடுங்கள்” என்றார். வாப்பா சிரித்தார். வாப்பாவுக்கு ஒன்றும் தெரியாது.

மாப்பிள்ளையின் மாமா ஒருவர் கேட்டுப் போக வந்திருந்தார். அவரைப் பார்த்து டொக்டர் சொன்னார்: “நெஞ்சில் ஒரு குறையும் இல்லை.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் அவர்.

குசினியிலிருந்து அவ்வளவு நேரமும் ஒரு சின்னச் சத்தம்கூட வரவில்லை. ராத்தாவுக்கு அன்று காலை இருமல் வராமல் இருந்ததே அல்லாஹ்வின் கிருபை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அதனால் கலியாணத்துக்குப் பிறகும் ராத்தா எங்களோடேயே இருந்தாள். மச்சான் நல்லவர். அவளுக்குத் தண்ணீர்கூட அவரே அள்ளி வைப்பார். தெருவில் அதற்குக் கேலி செய்தார்கள், அவர் கண்டுகொள்ளவில்லை. ஒரு வருடம் இப்படிப் போனது. பிறகு வயிற்றில் பிள்ளை தங்கியது.

ஐந்தாம் மாதம் கால் வீங்கியது. படுக்கவே முடியாமல் போயிற்று. ஒரு நாள் காலையில் இருமிய சளியில் இளஞ்சிவப்பாய் நுரை வந்தது. கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே சீலை கட்ட யாருக்கும் நினைப்பு வரவில்லை.

அதே டொக்டர்தான். குழாயை வைத்துக் கேட்டார். நகர்த்தி வைத்துக் கேட்டார். அவளை இடப்பக்கம் சரித்து, கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் கேட்டார். கண்ணைத் திறந்தபோது அவருடைய முகம் மாறியிருந்தது.

“நான் உங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தேனே. அன்று சீலைக்குப் பின்னால் இருந்தது நீங்கள்தானா?”

கட்டிலைச் சுற்றி வாப்பா, மச்சான், உம்மா, நான். நான் ராத்தாவின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சுத் தேடிச் சொன்னாள்: “ஓம் டொக்டர். நான்தான்.”

டொக்டர் வாப்பாவுக்கு நேரே திரும்பினார். “அப்படியென்றால் பிழை என்னுடையது. இந்த இரைச்சலைப் படிக்கிற பையன்கூடத் தவறவிட மாட்டான். நான் தவறவிட்டேன்.” எல்லாருக்கும் முன்னால் சொன்னார். வாப்பா அவர் கையைப் பிடித்து, அல்லாஹ் எழுதினது என்று ஆறுதல் சொன்னார்.

நெஞ்சுக்குள் இரத்தம் போய்வரும் வால்வு ஒன்று தடித்து ஒட்டிப்போயிருக்கிறது என்று டொக்டர் விளக்கினார். கன்னத்துச் சிவப்பும் அதனால்தானாம். கொழும்பில் இப்போது நெஞ்சைத் திறந்து, விரலை உள்ளே விட்டு அந்த வால்வை விலக்கிவிடத் தொடங்கியிருக்கிறார்கள், கலியாணத்துக்கு முன்னரே கண்டிருந்தால் அனுப்பியிருக்கலாம், இந்த நிலையில் அவ்வளவு தூரம் தாங்க மாட்டாள் என்றார். முன்னரே கண்டிருந்தால். அந்தச் சொல் வந்தபோது நான் உம்மாவைப் பார்த்தேன். உம்மா சுவரைப் பார்த்தா.

உப்பை நிறுத்தினார்கள். நீர் இறங்க ஊசி போட்டார்கள். நெஞ்சை நிதானப்படுத்த ஒரு குளிசை. அதைக் கொடுக்கும்முன் நாடியை ஒரு நிமிடம் முழுதாக எண்ண வேண்டும், மிகவும் குறைந்திருந்தால் கொடுக்கக்கூடாது. எண்ணுவதற்கு டொக்டர் எனக்குச் சொல்லித் தந்தார். வீக்கம் வற்றியது. ஒரு மாதமளவில் ராத்தா ஒரே தலையணையில் படுத்துத் தூங்கினாள். பிழைத்துவிடுவாள் என்று நான் நம்பிவிட்டேன்.

அந்த நாட்களில் ஒரு பகலில், நாடி எண்ணி முடித்துவிட்டு அவளிடம் கேட்டேன். “ஏன் ராத்தா அப்பிடிச் சென்ன?”

“மச்சான் நிண்டார். வாப்பா நிண்டார். உன்னையும் நாளைக்கு ஒருத்தர் கேட்டு வரணும்.” கொஞ்சம் மூச்சு எடுத்துக்கொண்டாள். “டொக்டர்தான் பாவம். அவருக்கிட்ட ஒருநாள் உண்மையைச் செல்லிரு. நான் இரிக்கக்குள்ள வேணாம்.”

பிள்ளை மாதம் நிறையும் முன்னரே பிறந்தது. பெண்பிள்ளை, தங்கிவிட்டது. ராத்தா இரண்டாம் நாள் விடியலில் மௌத்தாகிவிட்டாள். அடக்கத்துக்கு டொக்டர் சைக்கிளில் வந்தார். வாசலுக்கு வெளியே வேலியோரம் நின்றுவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அவர் வேறு ஆளாகிவிட்டார். சீலைக்கு வெளியே இருந்து எந்தப் பெண்ணையும் பார்க்க மாட்டேன் என்றார். ஊரில் அதற்குச் சத்தம் போட்டார்கள், அவர் அசையவில்லை. ஆனால் நேரே பார்த்தவர்களுக்கும் ஒரு முடிவு சொல்ல மாட்டார். கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்றாலே மட்டக்களப்புப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடுவார். ‘செவிட்டு டொக்டர்’ என்று பெயர் வைத்தார்கள். எங்கள் வீட்டுத் தறிக்காரர்கள்கூட அதைச் சொல்லிச் சிரித்தார்கள். நான் உள்ளறையில் இருந்து தறி நாடாவை எறிந்துகொண்டே கேட்டேன். ராத்தா போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் அவள் சொன்னதை நான் செய்யவில்லை. ஒரு நாளும் வசதிப்படவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெட்கம்கெட்ட பொய்.

பிள்ளைக்காக மச்சானுக்கு என்னைக் கேட்டார்கள். எங்களில் நடக்கிற வழக்கம்தான். மாமி, மச்சானின் உம்மா, அதே மனுசி, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் காட்டிச் சொன்னா: “கோவிக்காதிங்க. இந்தப் புள்ளட நெஞ்சையும் ஒருக்கா பார்த்திருவம்.”

இந்த முறை நாங்கள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாப்பாவும் மாமியும் வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார்கள். உம்மா என்னோடு உள்ளே வந்தா.

டொக்டர் என் நெஞ்சை மூன்று தரம் கேட்டார். இருத்திக் கேட்டார், சரித்துப் படுக்கவைத்துக் கேட்டார், அறைக்குள் பத்துத் தரம் நடக்கச் சொல்லிவிட்டுக் கேட்டார். கடைசியில் அதைக் காதிலிருந்து எடுத்தார்.

“எனக்கு ஒன்றும் கேட்கவில்லை” என்றார். “ஆனால் என் காதை நம்பி நான் சொல்ல மாட்டேன். உங்கள் வீட்டில் ஒரு தரம் சொன்னது போதும். மட்டக்களப்புக்கு எழுதித் தருகிறேன்.”

மேசையில் குனிந்து கடுதாசியை இழுத்தார். பேனை மூடியைக் கழற்றினார். அவருடைய தலைமயிர் அந்த ஒரு வருடத்தில் நன்றாக வெளுத்திருந்தது.

“டொக்டர்” என்றேன். “அண்டைக்குச் சீலைக்குப் பின்னால இருந்தது நான். நீங்க கேட்டது இந்த நெஞ்சத்தான். சரியாத்தான் கேட்டீங்க.”

அவர் நிமிரவில்லை. பேனையை மட்டும் கீழே வைத்தார். நான் தொடர்ந்தேன். “ராத்தா உங்களுக்கிட்ட பொய் செல்லிட்டா. எனக்காகத்தான். உம்மாக்குத் தெரியா, நானாத்தான் போய் இருந்த.” சீலைக்குள் குழாயைப் பிடித்திருந்ததே உம்மாவின் கை. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் சொன்னேன். ராத்தா எனக்குச் செய்ததை நான் உம்மாவுக்குச் செய்ய நினைத்தேன்.

டொக்டர் நிமிர்ந்து உம்மாவைப் பார்த்தார்.

“அம்மா, அந்தப் பிள்ளை அப்போது எங்கே இருந்தது?”

உம்மா பேச மாட்டா என்றுதான் நினைத்தேன். ராத்தா போனதிலிருந்து அந்த நாளைப்பற்றி உம்மா வாய் திறந்ததே இல்லை.

“குசினிக்குள்ள” என்றா உம்மா. “இருமல் வந்தா உங்களுக்குக் கேட்டிருமெண்டு வாயில சீலையை அடைச்சிக்கிட்டுக் கிடந்த. நான்தான் அடைச்சிவிட்ட, டொக்டர்.”

டொக்டர் எழுந்தார். மட்டக்களப்புக்கு எழுத எடுத்த கடுதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனார். வாங்கிலிருந்து மாமி எழும்பும் சத்தம் கேட்டது.

“நெஞ்சில் ஒரு குறையும் இல்லை” என்று அவர் சொல்வது உள்ளே எங்கள் இரண்டு பேருக்கும் கேட்டது.